மூன்று தடவை சிவப்பாகப் போனது

மூத்திரத்தைப் பற்றி எழுதப் போகிறேன். படிக்கிறவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நானும் அப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆறு மாதம் இருந்தேன். அதனால்தான் இதை எழுதும்படி ஆயிற்று.

எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். காரமடையில் சின்னதாக ஒரு மளிகைக் கடை. அதற்கு முன்னால், கல்யாணமான புதிதில், ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு நாள் முழங்கை வரை நீலம், ஒரு நாள் சிவப்பு. சோற்றில் கை வைத்தால் சோறும் அந்த நிறம். பீடியும் அங்கேதான் பழகியது. எங்கள் ஊர் ரங்கநாதருக்கு மாசித் தேரின்போது தண்ணீர் சேவை செய்ய ஆரம்பித்த வருஷம் பீடியைத் தூக்கிப் போட்டேன். ஒன்பது வருஷம் ஆகிறது.

தண்ணீர் சேவை என்றால், விரதம் இருந்து, தோல்பையில் தண்ணீர் நிரப்பித் தோளில் போட்டுக்கொண்டு, கோவிந்தா கோவிந்தா என்று ஆடிப் பாடிப் போய்ப் பெருமாளுக்குச் சேர்ப்பது. வழியில் நிற்கிற சனம் கையை நீட்டும். இரண்டு சொட்டு விட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எங்கள் கூட்டத்தில் பதினான்கு பேர். எங்களுக்கெல்லாம் மூத்தவரைப் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அந்தப் பேரே போதும். எங்கள் கூட்டத்துக்கு ஒரு கட்டு உண்டு. விரத நாளில் உடம்பில் ரத்தம் கண்டவன் பையைத் தொடக் கூடாது. ஒரு வருஷம் என் கால் கட்டைவிரலில் எடைக்கல் விழுந்து நகம் பெயர்ந்துவிட்டது. பையை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு எட்ட நின்று, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை மூத்திரம் சிவப்பாகப் போனது. முந்தின நாள் பீட்ரூட் பொரியல் சாப்பிட்டிருந்தேன். அதுதான் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தடவை மாசியில், தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது. அப்போது விரதம், பீட்ரூட் எதுவும் இல்லை. அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். சொன்னால் பை போய்விடும். சொல்லவில்லை. பையைத் தூக்கினேன். மூன்றாவது தடவை பங்குனியில்.

மூன்று தடவையும் வலி கிடையாது. வலித்திருந்தால் ஓடியிருப்பேன். ஒரு எரிச்சல்கூட இல்லாமல் வந்ததால், அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போயிற்று என்று இருந்துவிட்டேன்.

வைகாசியில் என் மகள் கவிதா என்னையும் என் மனைவியையும் கோவைக்குக் கூட்டிப்போய் முழு உடம்புப் பரிசோதனை செய்தாள். அவள் அங்கே கணபதியில் குடியிருக்கிறாள், ஒரு மில் அலுவலகத்தில் வேலை. என் மூத்திரத்தில் ரத்த அணுக்கள் இருப்பதாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுதான். இன்னொரு சோதனைக்கு எழுதினார்கள். மூத்திரத்தில் உதிர்ந்து வரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது.

அதற்கு நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் போகிற முதல் மூத்திரம்தான் சுத்தம் என்று நினைத்து, ஒரு தேன் பாட்டிலைக் கழுவி அதில் பிடித்து, மஞ்சப்பையில் சுற்றி, சாமி படம் இருக்கிற பக்கம் போகாமல் பின்வாசல் வழியாக எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆய்வகத்தில் இருந்த பெண் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எத்தனை மணிக்குப் பிடிச்சதுங்க?"

"அஞ்சுங்க அம்மணி."

"இப்ப மணி ஒம்பதே முக்கா. அடில தேன் வேற ஒட்டியிருக்குது. இதுல செல்லைப் பாக்கறதா, எறும்பைப் பாக்கறதாங்க?"

சிரித்துக்கொண்டே சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தாள். இரவெல்லாம் மூத்திரப் பையில் தேங்கின முதல் மூத்திரத்தில் செல்கள் கெட்டுப் போயிருக்குமாம். ஆகையால் அது ஆகாது. தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்துப் போவதை அங்கேயே பிடித்து உடனே கொடுக்க வேண்டும். அப்படி மூன்று நாள் கொடுத்தேன்.

ரிப்போர்ட் கவிதாவின் போனுக்கு வந்தது.

"ஏடிபிகல் செல்ஸ்னு போட்டிருக்குதுங்ப்பா."

"அப்படின்னா என்ன கண்ணு?"

அவள் போனில் எதையோ தட்டிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் உதடு அசைவது நின்றுபோயிற்று. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "டாக்டரையே கேட்டுக்கலாங்ப்பா. காப்பி குடிக்கறீங்களா?" என்றாள். காப்பி அப்போதுதான் குடித்திருந்தேன்.

அடுத்த வாரம் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் போனோம். நானும் என் மனைவி சரோஜாவும். சின்ன வயசு டாக்டர்தான், பேச்சு பொள்ளாச்சிப் பக்கம். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, தாளில் ஒரு பை மாதிரி வரைந்தார்.

"மூத்திரப் பையோட உள்பக்கம் ஒரு மெல்லிசுத் தோல் இருக்குதுங்க. அதுல இருந்து பழைய செல்லுக உதிர்ந்துட்டே இருக்கும், தலைல பொடுகு உதிர்ற மாதிரி. அந்தச் செல்லு எப்பவும் ஒரு சைசுல, ஒரு வடிவத்துல இருக்கோணும். உங்களுதுல சிலது கொஞ்சம் மாறித் தெரியுது. அதுக்குத்தான் ஏடிபிகல்னு பேரு."

"புத்துநோயுங்களா?" என்று சரோஜாதான் கேட்டாள்.

"அப்படின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லலீங்கம்மா. கிருமி இருந்தாலும் செல்லு இப்படி மாறும். கல்லு இருந்து உராசினாலும் மாறும். உள்ள ட்யூப் போட்டிருந்தா மாறும். சில பேருக்குப் புத்தோட ஆரம்பமாவும் இருக்கும். இந்த ஒரு காயிதத்தை வெச்சுட்டு முடிவு கட்ட முடியாதுங்க. இது முடிவில்ல. இன்னும் பாருன்னு சொல்ற ஒரு அடையாளம், அவ்வளவுதான்."

எனக்கு என் கடைக் கணக்கில் புரிந்தது. துவரம்பருப்பு மூட்டையைப் பிரித்தால் கறுப்பாக நாலு தெரியும். கல்லா, கருகின பருப்பா, மூட்டையின் வாயில் நின்று பார்த்தால் தெரியாது. முறத்தில் கொட்டிக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முறத்தில் கொட்டத்தான் யாருக்கும் மனசு வராது.

டாக்டர் கேள்வி கேட்டார். என்ன வேலை? மளிகைக் கடை என்றேன். பீடி சிகரெட்? விட்டு ஒன்பது வருஷம் என்றேன். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு, "கண்ணுக்குத் தெரியற மாதிரி எப்பவாச்சும் ரத்தம் போச்சுங்களா?" என்று கேட்டார்.

சரோஜா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் என் துண்டும் தண்ணீர் பாட்டிலும். மாசியில் என் விரத வேட்டியைத் தனியாகத் துவைத்துத் தனியாகக் காயப்போட்டவள். தேரன்று என் பையிலிருந்து கை நீட்டித் தீர்த்தம் வாங்கிக் குடித்தவள்.

"இல்லீங்க" என்றேன்.

"சரிங்க. சீழ் செல்லும் கொஞ்சம் இருக்குது, கிருமிதான் காரணமா இருக்கலாம். பத்து நாள் மாத்திரை சாப்பிடுங்க. அதுக்கப்பறம் கொஞ்ச நாள் விட்டுத் திரும்ப டெஸ்ட் பண்ணுவோம். தெளிஞ்சிருந்தா பயமில்லீங்க."

தெளிந்துவிடும் என்று சரோஜா அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மருந்துக் கடை முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் மதுக்கரைக்காரர் ஒருவரும் அவர் சம்சாரமும். சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அவர் சட்டைக்கு அடியில் வயிற்றோரம் ஒரு பிளாஸ்டிக் பை புடைத்துக்கொண்டு இருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"கூச்சப்படாம பாருங்க. உள்ள இருந்த பையை எடுத்துப்போட்டு வெளிய ஒண்ணு மாட்டி உட்டுட்டாங்க. ராத்திரி எந்திரிக்கற வேலை மிச்சம்."

அந்த அம்மா சும்மா விடவில்லை. "ஒரு வருசம் ரத்தமாப் போயிருக்குதுங்க. கேட்டா நாவப்பழம் தின்னேன், பீட்ரூட்டு தின்னேன்னு சொல்லிட்டே திரிஞ்சாரு இந்த மனுசன். எங்கூட்டுல பீட்ரூட்டு வாங்கறதே இல்லீங்க!"

"ஏம்புள்ள, ஆஸ்பத்திரிலயும் வந்து சொல்லோணுமா?"

"வேற எங்க சொல்றது? கல்யாண மண்டபத்துலயா?"

அவர் சிரித்தார். சரோஜாவும் சிரித்தாள். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தேன், எடுத்தேன், திரும்ப வைத்தேன். ரங்கா, நீ எனக்கு ஆள் அனுப்பிச் சொல்கிறாய் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை இன்றைக்கும் நம்புகிறேன்.

எழுந்து மறுபடி டாக்டர் அறைக்கு நடந்தேன்.

"ஏனுங்க, எதையாச்சும் உட்டுப்போட்டு வந்துட்டீங்களா?" என்று சரோஜா பின்னாலேயே வந்தாள்.

வாசலில் இருந்த நர்ஸ், டோக்கன் முடிந்தது, நாளைக்கு வாங்க என்றார். "ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிப்போட்டேனுங்க, அதைத் திருத்தோணும்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனோம். உட்காராமலே சொன்னேன்.

"டாக்டர், ரத்தம் போச்சுங்க. கண்ணுக்குத் தெரிஞ்சுதுங்க."

"எத்தனை தடவைங்க?"

"மூணுங்க. மார்கழில, மாசில, பங்குனில."

"வலி?"

"ஒண்ணும் இல்லீங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வலியில்லாம ரத்தம் போறதுதாங்க நாங்க ரொம்ப சாக்கிரதையாப் பாக்கறது. வலிச்சா நீங்களே வந்துருவீங்க" என்றார். பிறகு பழைய வேலைகளைத் துருவிக் கேட்டார். சாயப்பட்டறை என்றதும் தலையைத் தூக்கினார். அந்தக் காலத்துச் சாயத்தில் இருந்த சில மருந்துகளும் பீடிப் புகையும் மூத்திரப் பையைத்தான் போய்த் தொடுமாம், பல வருஷம் கழித்தும். கையில் ஒட்டின சாயம் கழுவினால் போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தேன்.

மாத்திரையை மாற்றவில்லை. ஆனால் கொஞ்ச நாள் விட்டுப் பார்ப்போம் என்ற பேச்சை அடித்துவிட்டார். அந்த வாரமே ஸ்கேன், மாத்திரை முடிந்ததும் உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது என்று எழுதினார்.

காரமடை பஸ்ஸில் சரோஜா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் துடியலூர் தாண்டியது. பிறகு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாசில பை தூக்கறப்பவே இருந்துச்சுங்களா?"

"ம்."

"அந்தத் தண்ணிய நானும் வாங்கிக் குடிச்சனே."

"பெருமாளுக்குத் துரோகம் பண்ணிப்போட்டேன் சரோஜா."

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "அவருக்குத் தெரியாமயா தூக்குனீங்க? அவரு எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் வாங்கிக்கிட்டாரு. எனக்குத் தெரியாமத்தான் தூக்கியிருக்கீங்க."

இறங்கும்போது என் கையிலிருந்த ரிப்போர்ட் கவரை வாங்கித் தன் கூடையில் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தக் கவர் அவளிடம்தான்.

கேமரா சோதனையைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். மூத்திரம் வரும் வழியில் மரத்துப் போகிற ஜெல்லி ஒன்றை விடுகிறார்கள். பிறகு மெல்லிய குழாய். கூச்சம்தான் பெரிது, வலி சின்னது. என் பையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை டிவி மாதிரி ஒன்றில் நானே பார்த்தேன். இளஞ்சிவப்பாக, வெற்றிலை நரம்பு மாதிரி நரம்போடு, அழகாக இருந்தது. ஒரு மூலையில் கோழிக்கொண்டைப் பூவின் நுனியைக் கிள்ளி ஒட்டவைத்த மாதிரி சுண்டைக்காய் அளவு ஒன்று, தண்ணீரில் மெதுவாக ஆடிக்கொண்டு இருந்தது.

"இதாங்க" என்றார் டாக்டர்.

அதன் பிறகு நான்கு நாள் மருத்துவமனை. காப்பீட்டு அட்டை செல்லும் என்று கவிதா முன்கூட்டியே அலைந்து கேட்டு வைத்திருந்தாள். மீதியை மாப்பிள்ளை கட்டினார். எவ்வளவு என்று இன்று வரை சொல்லவில்லை. வயிற்றைக் கிழிக்கவில்லை. முதுகில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து, அதே வழியாகக் கருவி விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

குழாய் மாட்டியிருந்தது. மேலே தொங்கும் பாட்டிலிலிருந்து உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கி, பையைக் கழுவிக்கொண்டு கீழே தொங்கும் பைக்கு வந்துகொண்டே இருக்கும். முதலில் நல்ல சிவப்பு. எனக்குப் பட்டறை ஞாபகம். சாயம் ஏற்றின துணியைத் தொட்டியில் போட்டு, தண்ணீர் தெளிகிற வரை அலசிக்கொண்டே இருப்போம். மேஸ்திரி வந்து தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்ப்பார். இங்கே மேஸ்திரி வேலை சரோஜாவுக்கு. ஸ்டூலைக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்து, குழாயை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள்.

"இப்ப கொஞ்சம் ரோஸுங்க." பிறகு, "கரும்புச் சாறாட்டம் இருக்குதுங்க." இரண்டாம் நாள் விடியும்போது எழுப்பிச் சொன்னாள்: "ஏனுங்க, பாருங்க, தெளிஞ்சு போச்சு. நம்ம கிணத்துத் தண்ணியாட்டம்."

மாப்பிள்ளை வேலைக்குப் போகிற வழியில் வந்து, யாரும் சொல்லாமலே எனக்குச் சவரம் செய்துவிட்டுப் போனார். மாமனாருக்குச் சவரம் செய்கிற மாப்பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை. கவிதா தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம் கொண்டுவந்து, பக்கத்துக் கட்டிலுக்கும் சேர்த்துப் போட்டாள்.

பரிசோதனை முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் கடையைத் திறந்தேன், எடை போட்டேன், ஒருவருக்கும் சரியாக மீதிச் சில்லறை கொடுக்கவில்லை. புற்றுதான். ஆனால் சாதுவான வகை, மேல்தோலோடு நின்றுவிட்டது, கீழே இருக்கிற தசைக்குள் இறங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். "திரும்ப முளைக்கற கொணம் உண்டுங்க. அதனால மூணு மாசத்துல ஒருக்கா கேமரா விட்டுப் பாக்கோணும், அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா நாள் தள்ளிக்கலாம். தண்ணி நெறையக் குடிங்க. ஒரு வருசம் மூடி வெச்சிருந்தீங்கன்னா நான் வேற பேச்சுப் பேசியிருப்பேன்." மதுக்கரைக்காரரின் சட்டைப் புடைப்பு என் கண்முன்னால் வந்து போயிற்று.

எனக்குப் பாரம் இன்னொன்று மிச்சம் இருந்தது. ஆவணியில் பெரியண்ணன் என்னைப் பார்க்கத் துளசியும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு வந்தார். சரோஜா காப்பி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணால் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

"அண்ணா, மார்கழில எனக்கு ரத்தம் போச்சுங்ண்ணா, பீட்ரூட்டுன்னு சொல்லிக்கிட்டேன். மாசில விரதத்துலயும் போச்சு. சொல்லாமப் பையைத் தூக்கிப்போட்டேன். நீங்க என்ன சொன்னாலும் கட்டுப்படறேன்."

திட்டுவார், கூட்டத்தை விட்டு நிறுத்துவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தால், அவர் காப்பி டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு இருந்தார்.

"வலிச்சுதாடா?"

"இல்லீங்ண்ணா."

"துளிகூட?"

"துளிகூட."

மறுபடி டம்ளர் உருண்டது. "அந்த டாக்டரு எந்தக் கெழமை இருப்பாரு?"

"செவ்வாயும் வெள்ளியுமுங்க. யாருக்குங்ண்ணா?"

"கேட்டாச் சொல்லு. யாருக்குன்னா என்ன?"

எழுந்து துண்டை உதறினார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "கோயமுத்தூருக்குக் காலைல பஸ்ஸு எத்தனைக்கு?" என்றார். நாற்பது வருஷமாக அந்த பஸ்ஸில் போகிறவர்.

செவ்வாய்க்கிழமை நான் கடையைத் திறக்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். பெரியண்ணன் வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், கக்கத்தில் ஒரு மஞ்சப்பையோடு நின்றிருந்தார். நீ ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார். பெரியநாயக்கன்பாளையம் வந்தபோது, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கட்டு எங்கப்பன் காலத்துல போட்டதுடா. நாந்தான் இறுக்கிப் புடிச்சேன். பதினாலு பேரு. இன்னும் எவன் எவன் பீட்ரூட்டு தின்னுட்டிருக்கானோ."

"கேட்டுருவோமுங்ண்ணா. ஒருத்தர் ஒருத்தராக் கேட்டுருவோம்."

மருத்துவமனையில் அதே பெஞ்சில் உட்கார்ந்தோம். மஞ்சப்பையை அவர் மடியிலிருந்து இறக்கவில்லை. ஊர்ப் பெரியவர், பையைக் கட்டிக்கொண்டு பரீட்சைக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"பைக்குள்ள என்னங்ண்ணா?"

சுற்றிலும் பார்த்துவிட்டு, வாயை மட்டும் கொஞ்சம் திறந்து காட்டினார். உள்ளே ஒரு நெய் பாட்டில், மூடியை நூல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"காலைல நாலரைக்கே புடிச்சுப்போட்டேன்" என்றார் ரகசியமாக. "மொத மூத்திரம். சுத்தமா இருக்கோணுமல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. "அது ஆகாதுங்ண்ணா. அவங்களே டப்பா குடுப்பாங்க. இங்கயே புடிக்கோணும்."

"இப்ப வராதேடா."

சரோஜா கொடுத்து அனுப்பிய தண்ணீர் பாட்டில் என் தோள்பையில் இருந்தது. மூடியைத் திருகிக் கொடுத்தேன். வாங்கி, அண்ணாந்து, மடக் மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"குடிச்சுப்போட்டேன். போதுமா?"

"இன்னுங் கொஞ்சமுங்ண்ணா" என்றேன்.